காரைக்காலில் காரை படும் பாடு

எங்க ஊர் பேர்லயே பூச்சு வேலை இருக்கு. காரைன்னா சுண்ணாம்புச் சாந்து. "சுவத்துல காரை பேந்து போச்சு"ன்னு வீட்டுல புலம்புவோமே, அதே காரை. கால்னா வாய்க்கால். சாந்து போட்டுக் கட்டின வாய்க்கால் இருந்த ஊர், அதனால காரைக்கால்னு ஒரு பெயர்க்காரணம் சொல்வாங்க. (காரைங்கறது ஒரு செடி, அது வாய்க்கா ஓரமா மண்டிக் கிடந்துச்சுன்னு இன்னொரு கட்சியும் உண்டு. எனக்கு வசதி முதல் கட்சிதான்.) போதாததுக்கு கடலோரத்துல கிளிஞ்சல்மேடுன்னு ஒரு மீனவ கிராமம் வேற. கிளிஞ்சல்தான் அந்தக் காலத்துல சுண்ணாம்புக்கு மூலப்பொருள்.

இப்ப இந்த ஆராய்ச்சி எதுக்குன்னா, எங்க வீட்டுல ரெண்டு சுவர் எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல பெரிய வில்லங்கத்தைக் கிளப்பி விட்டிருக்கு. ஒண்ணு பின்கட்டுல புதுசா எழுப்பின ஹாலோ பிளாக் சுவர். இன்னொண்ணு கொள்ளுத்தாத்தா காலத்து முன்கூடத்துச் செங்கல் சுவர்.

முதல்ல பிளாக் சுவர். மேஸ்திரி வந்ததும் கலவையை எடுத்து அப்ப ஆரம்பிச்சிடுவார்னு நினைச்சேன். மனுஷன் அரை நாள் பூசவே இல்லை. சுவர் உச்சியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு கலவை வெச்சார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் கீழே இன்னொண்ணு. அஞ்சடி தள்ளி இதே மாதிரி மேலயும் கீழயும். குறுக்கே நூல் பிடிச்சு, ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்தா சுரண்டி, உள்வாங்கி இருந்தா ஏத்தி, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்தார். அப்புறம் மேல் திட்டையும் கீழ்த் திட்டையும் இணைச்சு ஒரு பட்டை. சுவர் முழுக்க இப்படி நெட்டுக்குத்தா பட்டைகள். சில சைட்ல கலவைப் பட்டைக்குப் பதிலா மரச்சட்டமோ தகர ரெயிலோ வெச்சுப் பிடிப்பாங்க. பூசி முடிச்சதும் அதை உருவிட்டு, பள்ளத்தை அடைச்சுடணும்.

"ஏன் மேஸ்திரி, இவ்ளோ நேரம் இதுக்கேவா?"ன்னு கேட்டேன்.

"கலவை யாருக்காகவும் காத்திருக்காது தம்பி. மட்டம் என்னன்னு அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நூற்றாண்டுக் கதை அடங்கியிருப்பது எனக்கு அப்போது புரியவில்லை.

சிமெண்டில் தண்ணீர் பட்ட கணத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, இறுக ஆரம்பிக்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிப்புத்தகமும், கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடு என்கிறது. அதே புத்தகத்தில் நம்ம மேஸ்திரியின் திட்டும் இருக்கிறது: 15 செ.மீ.க்கு 15 செ.மீ., குறுக்கிலும் நெடுக்கிலும் 2 மீட்டருக்கு மிகாத இடைவெளி. (மேஸ்திரி அதைப் படிச்சதில்லை. மட்டப்பலகை ஆறடி, அதனால இடைவெளி அஞ்சடி. அவர் கணக்கு அவ்வளவுதான்.)

சுண்ணாம்பு அப்படி இல்லை. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து, கல் உருளையில் மாடு பூட்டி அரைத்து, புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்துப் பூசினார்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி அது மெதுவாக மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது சுவரில் ஏறிய கிளிஞ்சல் வருஷக்கணக்கில் திரும்பவும் கிளிஞ்சலாகவே மாறிக்கொண்டிருக்கிறது! ஒரு பூச்சு, காய விட்டு அதன்மேல் இன்னொரு பூச்சு, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பு. வெள்ளைக்காரர்கள் 'மெட்ராஸ் சுண்ணம்' என்று வாயைப் பிளந்தது இதைப் பார்த்துத்தான். மேடு பள்ளம் இருந்தால் அடுத்த பூச்சில் சரிக்கட்டிக்கொள்ள அவகாசம் இருந்தது.

அதற்காக மட்டம் பார்ப்பதே சிமெண்டோடு வந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தன் நூலின் ஏழாம் புத்தகத்தில் பூச்சு பற்றி எழுதும்போது நீளத்துக்கு நூலும் மட்டப்பலகையும், உயரத்துக்குத் தூக்குக்குண்டு, மூலைக்கு மூலைமட்டம் என்று சொல்லிவிட்டார். மணல் சாந்தே மூன்று பூச்சுக்குக் குறையக்கூடாது, அதற்குமேல் பளிங்குத் தூள் சாந்து மூன்று என்பது அவர் கணக்கு. இன்று நமக்கு ஒரே பூச்சு, 12 மில்லிமீட்டர், அரை மணி நேரம். ஆறு பூச்சில் மெதுவாகத் தேடிய மட்டத்தை முதல் கரண்டிக்கு முன்னாடியே சுவரில் எழுதி வைக்க வேண்டியதாகிவிட்டது. (வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே டிசைனுக்குக் கையெழுத்து கேட்கும் எங்க கிளையன்ட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

இந்த அவசரக்காரன் நம்ம பக்கம் வந்து சேர்ந்த கதை சுவாரஸ்யம். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824. அமெரிக்காவில் ஹார்மன் பால்மர் ஹாலோ பிளாக் வார்க்கும் இயந்திரத்துக்கு வாங்கியது 1900. இந்தியாவில் முதல் சிமெண்ட் முயற்சி 1904-ல், நம்ம சென்னையில். மூலப்பொருள் என்ன தெரியுமா? கடல் சிப்பி! சுண்ணாம்புக்குப் போன அதே சரக்கு. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தர், 1939-ல் டால்மியாபுரம், 1949-ல் சங்கர்நகர் என்று பிறகு ஆலைகள் வந்தன. காரைக்கால் 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து, 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்தது.

சேர்ந்தாலும் சிமெண்ட் ஈஸியாகக் கிடைத்துவிடவில்லை. விலைக்கும் விநியோகத்துக்கும் அரசாங்கக் கட்டுப்பாடு. பர்மிட் வாங்கிக் காத்திருக்க வேண்டும். சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே 1982 ஜனவரியில் பதவியையே விட்டார்னா பார்த்துக்கோங்க. அடுத்த மாசமே கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989 மார்ச்சில் முழுசாகப் போனது. கடையில் மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் வந்த பிறகு மாடு கட்டிச் சாந்து அரைக்க யாருக்குப் பொறுமை?

இப்ப ரெண்டாவது சுவருக்கு வர்றேன்.

முன்கூடத்துச் சுவர் கொஞ்சம் வயித்தைத் தள்ளிக்கிட்டு இருக்கும். அப்பாவுக்கு அது அவமானம். மூணு வருஷம் முன்னாடி வேற ஒரு ஆளை வெச்சு, பழைய காரையை முழுக்கக் கொத்தித் தள்ளிட்டு, ரெயில் வெச்சு சிமெண்டு பூச்சு. சும்மா சொல்லக்கூடாது, மட்டப்பலகை வெச்சா அடியில ஒரு தாள் நுழையாது. அப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

ரெண்டாவது மழைக்காலம் முடிஞ்சதும் கீழ ரெண்டடிக்கு உப்புப் பூத்துச்சு. அப்புறம் உப்பி, ஒரு நாள் ராத்திரி பெரிய தகடா விழுந்துச்சு. ஆச்சி கட்டில் அதுக்கு நாலடி தள்ளி.

காரணத்தைத் தோண்டிப் பார்த்தால் பூசியவர் மேல் முழுத் தப்பும் இல்லை. கடலோர மண், பழைய அஸ்திவாரம், ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அவ்வளவாக விடாது. தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி நெம்பித் தள்ளுகிறது. பிளாக் சுவருக்கு சிமெண்டு பூச்சு பொருந்திப் போச்சு, அதுவும் அதே ஜாதி. இது வேற ஜாதிச் சுவர். இங்கே ரெயில் எவ்வளவு நேரா இருந்து என்ன பிரயோஜனம்?

யூடியூபில் பூச்சு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில் ஒண்ணு தெரிஞ்சது. ரஷ்யக்காரர்கள் இந்த வழிகாட்டிப் பட்டைக்கு 'மயாக்' என்கிறார்கள். கலங்கரை விளக்கம்னு அர்த்தம். எங்க ஊர்க் கடற்கரையிலும் ஒண்ணு நிக்குது. அப்பாகிட்ட சொன்னேன். "வெளக்கெல்லாம் இருக்கட்டும், செவுத்த எப்ப பூசுறது?"ன்னார்.

அவருக்கு இன்னமும் சிமெண்டுதான் வேணும், இந்தத் தடவை வாட்டர்ப்ரூஃப் கலந்து. நான் சுண்ணாம்புங்கறேன். மேஸ்திரி, "எங்கப்பா சுண்ணாம்பு வேலை செய்வார் தம்பி, நான் சித்தாளா கூட நின்னு பாத்ததோட சரி, சாந்து அரைச்சுக் குடுத்தா பூசித் தரேன்"னு சொல்லியிருக்கார். கீழ ரெண்டடி செங்கல் இப்ப பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஆச்சி கட்டிலை அடுத்த ரூமுக்கு மாத்தியாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.