பட்டம் இருந்தால் போதுமா? மருத்துவ ஆய்வக வேலைக்குப் பதிவும் வேண்டும்

கிளினிக்கில் ரத்தம் எடுத்தாச்சு, ரிசல்ட் நாளைக்கு. நடுவில் அந்த ரத்தத்தைப் பரிசோதிப்பது யார்? நோயாளிகள் அவரைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர் ரத்த வகையைத் தப்பாகக் குறித்துவிட்டால், ஏற்றப்படும் ரத்தமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இதனால்தான் மலேசியாவில் இந்த வேலைக்குச் சட்டப்பூர்வப் பதிவு கட்டாயம். 2016-இல் இயற்றப்பட்ட துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது ‘அக்தா 774’, 2020 ஜூலை 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பிசியோதெரபி உட்பட 23 தொழில்கள் இதில் அடங்கும்.

ஆய்வகத் துறையில் இரண்டு வகைப் பெயர்களைக் கவனியுங்கள். ஒன்று, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பவியலாளர். பெரும்பாலோர் எஸ்.பி.எம். முடித்து, டிப்ளோமா வழியாக இதற்கு வருகிறார்கள். மற்றொன்று, மருத்துவ அறிவியலாளர். இதற்குப் பட்டப்படிப்பு தேவை. உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், பயோமெடிக்கல் என இதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

சிக்கலே இங்கேதான். ‘பயோ’ என்று தொடங்கும் கோர்ஸ் எல்லாமே இந்த வேலைக்குச் சரிவரும் என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் வேறு வேறு. எந்தத் தகுதி செல்லும் என்பதை முடிவு செய்வது மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றம்; கல்லூரியின் விளம்பரம் அல்ல.

பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைப் பார்த்துடுங்க. எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா? அது முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா? பிறகு, படிப்பு முடித்தவர்கள் எந்தப் பெயரில் மன்றத்தில் பதிவு செய்ய முடிகிறது என்று கல்லூரியிடமே நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு கல்லூரியைப் பார்ப்பது நல்லது.

படித்து முடித்ததும் மன்றத்திடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதோடு வேலை முடிந்துவிடாது. தொழில் செய்யும் சான்றிதழ் தனி; அதையும் பெற வேண்டும், காலாவதியாகும் முன் புதுப்பிக்கவும் வேண்டும். பதிவு எண் கிடைச்சாச்சு என்று சான்றிதழை மறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் கதையே வேறு. மலேசியப் பதிவு எல்லை தாண்டி அப்படியே செல்லாது. உதாரணத்துக்கு, பிரிட்டனில் ‘பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்’ என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பட்டப்பெயர். அந்நாட்டின் எச்.சி.பி.சி. அமைப்பில் தனியாகப் பதிந்தவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.