விவிலியம்: மாறியது எது?

விவிலிய வசனங்கள் காலப்போக்கில் திரிக்கப்பட்டனவா? மாணவ நண்பர்களே, இவ்வினாவை இரு சான்றுகளால் ஆராய விழைகிறேன்.

முதலாவது, இறைவனைக் குறிக்கும் சொல். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி 'சருவேசுரன்' என்ற சொல்லை ஆண்டார். 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்த சீகன்பால்குவின் புதிய ஏற்பாடும் அதனையே ஏற்றது. பெப்ரீசியசு 'பராபரன்' என்றார். 1871இல் வந்த பவர் குழுவினரின் பதிப்பு 'தேவன்' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. கிரேக்கத்தில் உள்ளதோ 'தெயோஸ்' என்னும் ஒரே சொல். இங்கு மாறியது தமிழ், மூலமன்று.

இரண்டாவது, யோவானின் முதல் நிருபம், 5ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். விண்ணில் சாட்சி கூறுவோர் மூவர் என்னும் கருத்து பவர் பதிப்பில் உண்டு. 1995ஆம் ஆண்டுப் பதிப்பின் வசனத்தில் இல்லை. நீக்கியது சூழ்ச்சியோ? அன்று. பழைய கிரேக்கப் படிகளில் அது இல்லை. இலத்தீன் வழியாக நுழைந்தது. எராசுமசு 1516, 1519ஆம் ஆண்டுப் பதிப்புகளில் அதனை விடுத்து, 1522இல் சேர்த்தார். அவ்வழி வந்த மூலத்திலிருந்தே தமிழிலும் புகுந்தது.

ஆகவே, 'எதுவுமே மாறவில்லை' என்பதும் தவறு; 'எல்லாமே திரிந்தது' என்பதும் தவறு. உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்தாற்போல், படிகளை ஒப்பிட்டபின் முடிவு கூறுவதே அறிவுடைமை என்பது என் துணிபு.