சங்கர் மறைந்த ஆண்டு: 2020இன் சித்திரக்கதை உலகமும் மலையக வாசிப்பும்

2020ஆம் ஆண்டு சித்திரக்கதை உலகத்திற்குப் பெரும் இழப்புகளின் ஆண்டாக அமைந்தது. பிப்ரவரி 10ஆம் நாள் பிரான்சின் கிளேர் பிரெத்தேஷேயும், மார்ச் 24ஆம் நாள் ஆஸ்டெரிக்ஸை வரைந்த ஆல்பர் உடெர்ஸோவும், ஏப்ரல் 9ஆம் நாள் அமெரிக்காவின் 'மேட்' சஞ்சிகையில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திரைப்படங்களைக் கேலி செய்து வரைந்த மோர்ட் டிரக்கரும், செப்டம்பர் 30ஆம் நாள் அர்ஜென்டினாவின் கினோவும், டிசம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் ரிச்சர்ட் கார்பெனும் மறைந்தனர். இவர்களுக்கான இரங்கலுரைகளை உலகச் செய்தித்தாள்கள் விரிவாக வெளியிட்டன. இவ்வரிசையில் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானவரோ செப்டம்பர் 29ஆம் நாள் சென்னையில் காலமான கே. சி. சிவசங்கரன், அதாவது 'அம்புலிமாமா' வாசகர்கள் 'சங்கர்' என்ற கையொப்பத்தால் மட்டுமே அறிந்திருந்த ஓவியர். டயகம போன்றதொரு இலங்கை மலையக ஊரின் வாசிப்பு வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது, இம்மரணங்களுள் எது அவ்வூரை எட்டியிருக்கும், எது எட்டியிருக்காது என்ற கேள்வி தமிழ்ச் சித்திரக்கதையின் வரலாற்றையே திறந்து காட்டுகிறது. அவ்வரலாற்றில் பாத்திரங்களின் பெயர்கள் வாசகரிடம் வந்து சேர்ந்தன. அவற்றைப் படைத்தோரின் பெயர்கள் பெரும்பாலும் வந்து சேரவில்லை.

டயகம, நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறும் பாதையில், ஹோர்ட்டன் சமவெளியின் சாரலை ஒட்டி அமைந்த தேயிலைப் பகுதியாகும். தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறைக் குடியிருப்புகளில் வாழும் இத்தகைய தோட்டங்களில், பாடசாலை நெடுங்காலம் ஓர் ஆசிரியரையும் சில தொடக்க வகுப்புகளையும் மட்டுமே கொண்டதாக இருந்தது. தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலிருந்த இப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அச்சிட்ட பக்கத்தைத் தாமே வாசிக்கக் கூடியவர் குறைவாக இருந்த இச்சூழலில், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பதே வாசிப்பின் இயல்பான வடிவம் ஆனதில் வியப்பில்லை. படம் நிறைந்த பக்கம் அத்தகைய கூட்டு வாசிப்புக்கு மிகவும் ஏற்றது. கேட்பவரும் அதைப் பார்க்கலாம், எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவரும் அதில் பங்கு கொள்ளலாம்.

கதையைப் பொறுத்தவரை மலையகம் ஒருபோதும் வறண்ட நிலமாக இருந்ததில்லை. மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கூத்தும் தோட்டந்தோறும் இரவு முழுவதும் ஆடப்பட்டன. மகாபாரதத்தின் கிளைக்கதைகளும் தெய்வங்களின் கோபதாபங்களும் வீரர்களின் சபதங்களும் அம்மக்களுக்குப் புத்தகம் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தன. ஆகவே 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சிறுவர் மாத இதழான 'அம்புலிமாமா', புராணங்களையும் நாட்டார் கதைகளையும் வண்ணப் படங்களோடு சொல்லிய காரணத்தால், தமிழகத்துக் குழந்தைகளைக் காட்டிலும் தோட்டத்துக் குழந்தைகளுக்கு ஒருவகையில் கூடுதல் பழக்கம் உள்ள உலகத்தைத் தந்தது எனலாம்.

அந்த உலகத்திற்கு முகம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் சங்கர். 1924இல் பிறந்து, சென்னை அரசு ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில் பயின்று, 1946இல் 'கலைமகள்' இதழில் சேர்ந்த அவர், 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அதனோடு இருந்தார். அங்கு அவருக்கு முன்பே 'சித்ரா' என்ற கையொப்பத்துடன் டி. வி. ராகவன் வரைந்து கொண்டிருந்தார். அட்டைப் படங்களை வட்டாதி பாப்பையா தீட்டினார். இவர்கள் வரைந்தவை கறாரான பொருளில் காமிக்ஸ் அல்ல. காமிக்ஸ் எனப்படுவதில் கதை சட்டங்களாக, அதாவது கோடிட்டுப் பிரித்த சிறு கட்டங்களாக நகரும்; பேச்சு, பாத்திரத்தின் வாயிலிருந்து கிளம்பும் குமிழிக்குள் எழுதப்படும். அம்புலிமாமாவில் பக்கத்தின் ஒரு பகுதியைப் படமும் மறு பகுதியை உரைநடையும் பிடித்துக்கொண்டன. ஆயினும், பக்கத்துக்குப் பக்கம் தவறாமல் வரும் படம் கதையின் ஓட்டத்தைத் தன் தோளில் தூக்கிச் சென்றதால், தமிழ்ச் சித்திரக்கதையின் வரலாற்றை அதைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது.

சங்கரின் கைவண்ணத்தில் நிலைத்துவிட்டது விக்கிரமாதித்தன் ஓவியம். ஒரு கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், சுற்றிலும் சுடுகாட்டின் எலும்புகளும் வளைந்த மரக்கிளைகளும் என அமைந்த அப்படம், பிணத்தினுள் புகுந்த வேதாளம் கதை சொல்லி இறுதியில் புதிர் போடும் தொடரின் முகப்பில் மாதந்தோறும் இடம்பெற்றது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும் என்ற இக்கட்டில் அரசன் நிற்க, தொடர் முடிவே இல்லாமல் ஓடியது. மூல நூலின் இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பின்னரும் புதிய கதைகள் அதே சட்டகத்துக்குள் எழுதிச் சேர்க்கப்பட்டன என்பதே அந்த ஒற்றைப் படத்தின் வலிமைக்குச் சான்று. கதை எழுதியோர் பெரும்பாலும் பெயர் குறிப்பிடப்படாமலே இருக்க, ஓவியரின் சிறு கையொப்பம் மட்டும் படத்தின் மூலையில் நின்றது. மேலைநாட்டுப் படக்கதைகள் பலவற்றில் ஓவியருக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்காத காலம் அது.

அப்படிப்பட்ட மேலைநாட்டுப் படக்கதைகளைத் தமிழில் பரப்பியது, 1972இல் சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்'. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962 முதல் வெளிவந்த தொடரின் தமிழ் வடிவம். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அவனைத் தமிழ்நாட்டுச் சிறுவர் ஒரு தலைமுறை முழுவதும் கொண்டாடினர். ஆனால் அவனை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதை அறிந்தவர் அரிது; 1995இல் பிளாஸ்கோ இறந்தபோது தமிழில் அது பெரிய செய்தியாகவில்லை. மூல இதழ்களே படைப்பாளியின் பெயரைப் போடாத நிலையில், தமிழ்ப் பதிப்பாளரைக் குறை சொல்வது நியாயமாகாது.

இலங்கையில் அதே ஆண்டுகள் வேறு திசையில் சென்றன. 1970களின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான அரசு அந்நியச் செலாவணியைக் காக்கவும் உள்நாட்டு வெளியீட்டை வளர்க்கவும் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. முத்து காமிக்ஸ் தமிழ்நாட்டில் பிறந்த அதே காலத்தில் இலங்கைக்கான கடல் வழி குறுகிப்போனது. உள்ளூர்த் தமிழ் நாவல் வெளியீட்டுக்கு இக்கட்டுப்பாடு உரமிட்டது என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கின்றனர். வீரகேசரி நாளிதழின் நாவல் பிரசுரங்கள் அதன் விளைவே. ஆனால் படக்கதைத் துறையில் தமிழில் அத்தகைய எழுச்சி நிகழவில்லை. 1960களில் சி. சிவஞானசுந்தரம் தொடங்கி நடத்திய 'சிரித்திரன்' இதழ் கேலிச்சித்திரத்தில் தனித்த சாதனை புரிந்தது என்பது மெய். எனினும் சவாரித்தம்பர், மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் முதலிய அவரது பாத்திரங்கள் யாழ்ப்பாணத்துக் காற்றையும் கொழும்பு நடுத்தர வர்க்கத்தின் பாவனைகளையும் சுவாசித்தனவே தவிர, லயத்து வாசலை எட்டவில்லை. சிங்களத்திலோ நிலைமை நேர்மாறு. 1951இல் 'லங்காதீப' செய்தித்தாளில் ஜி. எஸ். பெர்னாண்டோவின் 'நீலா' தொடங்கிவைத்த சித்திரகதா மரபு, 1970களில் அதற்கென்றே வெளிவந்த வார இதழ்களாகப் பெருகி, கமிலஸ் பெரேரா போன்ற ஓவியர்களை வீடுதோறும் அறிந்த பெயர்களாக்கியது. சிங்களப் படக்கதை படைப்பாளியின் பெயரோடு வளர்ந்தது. மலையகத் தமிழரின் படக்கதையோ எப்போதும் வெளியூர்ச் சரக்காகவே இருந்தது.

தோட்டங்களைப் பொறுத்தவரை அந்த ஆண்டுகளில் சஞ்சிகை இல்லாமை மிகச் சிறிய குறையே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. 1970களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்ட உடைமையே கைமாறியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் இந்திய இதழ்கள் மீண்டும் வரலாயின. அடுத்த ஆண்டிலேயே அம்புலிமாமாவின் சிங்களப் பதிப்பும் தொடங்கப்பட்டது. 1984இல் 'லயன் காமிக்ஸ்', 'ராணி காமிக்ஸ்' ஆகிய இரண்டும் தமிழ்நாட்டில் பிறந்தன. அந்த ஆர்வம் உச்சத்திலிருந்த காலத்தில் இலங்கை போருக்குள் சென்றுவிட்டது.

இந்தப் பின்னணியில் 2020ஐத் திரும்பிப் பார்க்கலாம். மார்ச் 20ஆம் நாள் மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஆனால் தேயிலை ஏற்றுமதி நிற்கக் கூடாது என்பதால் தோட்ட வேலைக்கு விலக்களிக்கப்பட்டு, கொழுந்து பறிப்பு தொடர்ந்தது. மார்ச் 25இல் இந்தியாவும் முடங்கியது. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகளுக்குப் புதிய இதழ்களை அதுவரை ஏகபோகமாக விநியோகித்து வந்த நிறுவனமான டயமண்ட், மார்ச் இறுதியில் விநியோகத்தை நிறுத்தி மே நடுப்பகுதி வரை மூடியிருந்தது. வாரந்தவறாமல் வந்த இதழ்கள் வராத அந்த வாரங்கள் அத்தொழிலுக்கு முன்னனுபவம் இல்லாதவை. ஜூன் மாதத்தில் டிசி என்ற அமெரிக்கக் காமிக்ஸ் வெளியீட்டு நிறுவனம் டயமண்டுடனான நெடுங்கால உறவை முறித்துக்கொண்டது.

இலங்கை முடங்கிய முதல் வாரத்திலேயே உடெர்ஸோ மறைந்தார். 92 வயதான அவரது மரணத்திற்குக் காரணம் தொற்றல்ல, மாரடைப்பு என்று குடும்பத்தினர் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. இரு கைகளிலும் ஆறாறு விரல்களுடன் பிறந்து, நிறக்குருடும் கொண்டிருந்த அவர், 1959இல் ரெனே கோசினியுடன் இணைந்து ஆஸ்டெரிக்ஸைப் படைத்தார். லயன் காமிக்ஸின் தமிழ் வாசகர் சிரித்து மகிழ்ந்த லக்கி லூக்கின் கதைகளுள் மிகச் சிறந்தவற்றை எழுதியவரும் இதே கோசினிதான். ஆக, பெயர் அறியாமலே உடெர்ஸோவின் கூட்டாளியைத் தமிழ் வாசகர் நன்கு அறிந்திருந்தனர்.

செப்டம்பர் இறுதியில் ஒரு தற்செயல் நேர்ந்தது. கினோவின் 'மஃபால்டா', உலகத்தின் அநீதிகளைக் கேள்வி கேட்கும் அர்ஜென்டினச் சிறுமி, முதன்முதலாக அச்சேறிய நாள் 1964 செப்டம்பர் 29. அதன் ஐம்பத்தாறாம் ஆண்டு நிறைவு நாளில் சென்னையில் சங்கர் இறந்தார். மறுநாள் கினோ இறந்தார். கேள்வி கேட்கும் சிறுமியை வரைந்தவரும் கேள்வி கேட்கும் வேதாளத்தை வரைந்தவரும் அடுத்தடுத்த நாட்களில் சென்றதை எந்த இரங்கல் குறிப்பும் இணைத்துக் காட்டியதாகத் தெரியவில்லை. கினோவுக்கு உலகச் செய்தியும் சங்கருக்கு இந்தியச் செய்தியும் தனித்தனியே எழுதப்பட்டன.

சங்கரின் மறைவுக்கு நான்கு மாதங்களுக்குப் பின், 2021 குடியரசு தினத்தை ஒட்டி, இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை மறைவுக்குப் பிந்தைய கௌரவமாக அறிவித்தது. அச்செய்தியை வெளியிட அம்புலிமாமா அப்போது இல்லை. 2007இல் மும்பையின் ஜியோடெசிக் நிறுவனத்திடம் கைமாறிய அவ்விதழ், அடுத்த தசாப்தத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. வாங்கிய நிறுவனமோ கடனில் மூழ்கி நீதிமன்றத்தின் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது.