மார்ஷல் வகுத்த வியூகம்



சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிப் பாரசீகத்தையும் அரபு நாடுகளையும் கடந்து ஐரோப்பாவை அடைந்த விளையாட்டு என்பது நீங்கள் அறிந்ததே. பழைய ஆட்டத்தில் படைகள் மெல்ல நடந்தன. இரு தரப்பும் ஒன்றையொன்று நெருங்குவதற்கே நெடுநேரம் ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் விதிகளை மாற்றி, அரசிக்கும் மந்திரிக்கும் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பாயும் ஆற்றலை அளித்தனர். அன்று முதல் ஆட்டத்தின் முதற் பத்து நகர்த்தல்களே உயிர்நிலையாயின. அந்தத் தொடக்க நகர்த்தல்களைப் பற்றி நூல்கள் எழுந்தன, ஆராய்ச்சி வளர்ந்தது. அவ்வாராய்ச்சியின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன். 'மார்ஷல் தாக்குதல்' என்று உலகெங்கும் வழங்கும் ஒரு கூரிய போர்முறையின் கதை அது.

முதலில் களத்தை அறிந்துகொள்வோம். 1561இல் ருய் லோபஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியார் சதுரங்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் தொடக்கத்தில், இரு தரப்பாரும் அரசனுக்கு முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் முன்னே செலுத்துவர். வெள்ளையின் குதிரை பாய்ந்து கறுப்பின் காலாளைத் தாக்கும். கறுப்பின் குதிரை அக்காலாளைக் காக்கும். உடனே வெள்ளையின் மந்திரி புறப்பட்டுச் சென்று, காக்கின்ற அந்தக் குதிரையையே அச்சுறுத்தும். இதன் பயனாக வெள்ளைக்குச் சிறிதாயினும் நெடுங்காலம் நீடிக்கும் நெருக்குதல் கிடைக்கிறது. கறுப்பு ஆடுபவர் பொறுமையோடு பலமணி நேரம் தற்காத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிறையிலிருந்து ஒரே வீச்சில் வெளியேற வழியுண்டா என்று எண்ணியவர்களுள் ஒருவரே பிராங்க் மார்ஷல்.

மார்ஷல் 1877இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1909 முதல் 1936 வரை அமெரிக்க நாட்டின் சாம்பியனாக விளங்கியவர். துணிந்து காய்களைப் பலியிட்டுத் தாக்குவதில் பெரும் புகழ் பெற்றவர். எனினும் உலகின் முதல் வரிசை வீரர்களோடு தனித்துப் பொருதபோதெல்லாம் அவருக்குத் துன்பமே நேர்ந்தது. 1907இல் உலகச் சாம்பியன் இமானுவேல் லாஸ்கருடன் ஆடிய போட்டியில் ஓர் ஆட்டத்திலேனும் அவர் வெல்லவில்லை. 1909இல் கியூபா நாட்டின் இருபது வயது இளைஞர் ஒருவர் அவரை எதிர்த்தார். அவ்விளைஞர் எட்டு ஆட்டங்களில் வென்றார், மார்ஷல் ஒன்றில் மட்டுமே வென்றார், பதினான்கு சமநிலையாயின. ஹோஸே ராவுல் காப்பாபிளாங்கா என்பது அந்த இளைஞரின் பெயர். பின்னர் 1921இல் லாஸ்கரை வென்று உலகச் சாம்பியன் ஆனவர் அவரே. 1916 முதல் 1924 வரை எந்தப் போட்டி ஆட்டத்திலும் தோல்வியே காணாதவர் என்றால் அவருடைய ஆற்றலை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

அந்த எட்டாண்டுகளின் நடுவே, 1918ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நியூயார்க்கில் நடந்த ஒரு போட்டியில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். காப்பாபிளாங்கா வெள்ளை, மார்ஷல் கறுப்பு. ஆட்டம் ருய் லோபஸ் தொடக்கமாக நடந்தது. இருவரும் கோட்டை கட்டி அரசனைப் பாதுகாப்பில் வைத்தனர். எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். அரசிக்கு முன் நின்ற காலாளை ஒரே தாவலாக இரண்டு கட்டம் செலுத்தி, நடுக்களத்தைத் திறந்துவிட்டார். அதனால் அவருடைய காலாள் ஒன்று காப்பற்றுப் போயிற்று. 'வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்று எதிரியை அழைப்பது போன்ற செயல் அது.

ஒரு காலாளை இழந்து அவர் பெறுவது என்ன? இங்கேதான் இம்முறையின் உட்பொருள் இருக்கிறது. அந்தக் காலாளை எடுப்பதற்கு வெள்ளை தன் அரசனுக்குக் காவலாக நின்ற குதிரையைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெள்ளையின் யானை நடுக்களத்துக்கு வந்து, பின்னர்த் தாக்கப்பட்டுத் திரும்பிச் செல்வதில் காலம் வீணாகிறது. அரசியின் பக்கத்திலுள்ள யானையும் குதிரையும் மந்திரியும் பிறந்த இடத்தைவிட்டு இன்னும் அசையவில்லை. கறுப்பின் மந்திரிகள் இரண்டுக்கும் வழி திறந்துவிட்டது; அரசியும் குதிரையும் நொடியில் வெள்ளை அரசனின் வாயிலை அடைய வல்லன. கொடுத்தது பொருள், பெற்றது காலம். போர்க்களத்தில் சில வேளைகளில் பொருளைவிடக் காலமே விலைமிக்கது.

காப்பாபிளாங்காவின் நிலையை எண்ணிப் பாருங்கள். எதிரி பல இரவுகள் விழித்து ஆராய்ந்து வகுத்த வியூகம் இது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வழியும் எதிரிக்கு மனப்பாடம். தமக்கோ எல்லாம் புதிது. காலாளை எடுக்காமல் ஒதுங்கிச் செல்லவும் அவரால் முடியும். ஆயினும் தம் அறிவும் திறமையும் அறைகூவப்பட்டன என்றும், நிலையை ஆராய்ந்து பார்த்ததில் அதைத் தற்காத்துக்கொள்ள இயலும் என்று தோன்றியதால் சவாலை ஏற்பதே தமக்கு அழகு என்று முடிவு செய்ததாகவும் அவர் பின்னர் எழுதியிருக்கிறார். காலாளை எடுத்தார்.

புயல் எழுந்தது. மார்ஷலின் மந்திரி அரசனின் கோட்டையை நோக்கித் திரும்பியது. குதிரை வெள்ளைக் காலாளின் வாயருகே துணிந்து வந்து நின்றது. அரசியும் துணைக்கு வந்துவிட்டாள். அக்குதிரையைக் காலாளால் வெட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெட்டினால் அரசனின் முன் உள்ள வாயில் திறந்து, கறுப்பு அரசி உள்ளே புகுந்துவிடுவாள். ஆதலின் காப்பாபிளாங்கா அதைத் தொடவில்லை. அரசியின் முன் நின்ற காலாளை அமைதியாக இரண்டு கட்டம் செலுத்தி, உறங்கிக் கிடந்த தம் மந்திரிக்கு வழி திறந்தார். மார்ஷலின் குதிரை உடனே கோட்டைச் சுவரிலிருந்த ஒரு காலாளை வெட்டி உள்ளே பாய்ந்தது. அக்குதிரையை அரசியால் எடுத்துவிடலாம் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் எடுத்திருந்தால் கறுப்பின் மந்திரிகள் வெள்ளை அரசனைச் சூழ்ந்து அழித்திருக்கும் எனப் பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கின்றனர். காப்பாபிளாங்கா யானையை ஒரே ஒரு கட்டம் முன்னே நகர்த்தினார். அவ்வளவே. தற்காப்பும் எதிர்த்தாக்குதலும் அந்த ஒரு கட்டத்தில் அடங்கியிருந்தன.

அதன்பின் மார்ஷல் தம் மற்றொரு மந்திரியையும் பலியிட்டார். வெள்ளை அரசன் கோட்டையைவிட்டு வெளியேறி, நடுக்களத்தின் வழியே நடந்து, அரசியின் பக்கத்தில் புகலிடம் தேடிக்கொண்டான். வெள்ளை ஒரு யானையை இழந்தது. அதற்கு ஈடாக ஒரு குதிரையும் ஒரு மந்திரியும் அதன் கையில் சேர்ந்துவிட்டன. அரசனைத் துரத்தி வந்த மார்ஷலின் அரசி, யாரும் இல்லாத பழைய கோட்டையின் மூலையில் நின்றாள். காப்பாபிளாங்கா மறுபக்கத்துக் காலாட்களை முன்னே செலுத்தினார். 36ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது; வெள்ளை வென்றது.

இந்த ஆட்டத்தைச் சுற்றி ஒரு கதை வளர்ந்திருக்கிறது. 1909இல் தோற்ற மார்ஷல், இவ்வாயுதத்தை ஒன்பது ஆண்டுகள் மறைத்து வைத்து, காப்பாபிளாங்காவுக்கென்றே காத்திருந்தார் என்பர். கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் சரித்திர மாணவர்கள் சுவையைக் கொண்டு உண்மையை நிறுத்தலாகாது. சான்றைக் கேட்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் காப்பாபிளாங்காவுக்கு எதிராகவே இம்முறையைக் கையாள மார்ஷலுக்கு வாய்ப்புகள் வந்தன என்பதற்கும், அவர் அவற்றைப் பயன்படுத்தவில்லை என்பதற்கும் ஆட்டக் குறிப்புகள் இருக்கின்றன. 1917இல் வேறொருவருடன் இதையொத்த முறையில் அவர் ஆடியதற்கும் குறிப்பு உண்டு. ஆகவே, ஒன்பது ஆண்டு மறைவு என்பதைவிட, அண்மையில் கண்டறிந்து உழைத்து உருவாக்கிய யுக்தி என்று கொள்வதே பொருந்தும். மறைத்து வைத்த காலம் குறைந்ததனால் உழைப்பின் பெருமை குறைந்துவிடாது.

தோற்ற முறையை உலகம் மறந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நிகழவில்லை. மார்ஷலே தம் தோல்வியை ஆராய்ந்தார். 1918இல் நடுக்களத்தில் நின்ற குதிரையை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். குதிரையை அங்கேயே நிறுத்தி, அதற்குத் துணையாக ஒரு காலாளை ஒரே கட்டம் நகர்த்துவது மேலான வழி என்று பின்னர்க் கண்டார். பாய்ச்சலுக்கு முன் காலை ஊன்றிக்கொள்வது போன்றது இது. நடுக்குதிரை அசையாது நிற்க, மந்திரிகளும் அரசியும் யானையும் ஒன்றன்பின் ஒன்றாக அரசனை நோக்கித் திரும்புகின்றன. அவசரம் குறைந்தது, வலிமை கூடிற்று. இன்று மார்ஷல் தாக்குதல் என்று ஆடப்படுவது பெரும்பாலும் இந்தத் திருந்திய வடிவமே. 1965இல் திபிலிசி நகரில் மிகயில் தாலை எதிர்த்த போட்டியில் போரிஸ் ஸ்பாஸ்கி இதனைப் பலமுறை கையாண்டார். தாக்குதலுக்குப் பெயர்போன முன்னாள் உலகச் சாம்பியனாகிய தாலினாலேயே அதை உடைக்க முடியவில்லை. போட்டியில் ஸ்பாஸ்கி வென்றார்.

இம்முறையை எதிர்கொள்ள மற்றொரு வழியும் உண்டு. அதாவது, அதற்கு இடங்கொடாமலே இருப்பது. மார்ஷல் தன் காலாளைப் பலியிடுவதற்கு முன்பே வெள்ளை வேறு திசையில் திரும்பிவிடலாம். 1993இல் லண்டனில் நைஜல் ஷார்ட்டுடன் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் காரி காஸ்பரோவ், பலகையின் ஓரத்துக் காலாளை முன்னே தள்ளி இவ்வாறே விலகிச் சென்றார். அச்சமற்ற தாக்குதல் வீரராகிய அவரே விலகினார் என்றால், அதைக் கோழைத்தனம் என்று எவரும் கூறார். எதிரியின் ஆயுதத்தை மதித்து, போர்க்களத்தைத் தாமே தேர்ந்துகொள்வதும் வீரத்தின் ஒரு பகுதியே.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 2004ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்திலுள்ள பிரிஸ்ஸாகோவில் விளாதிமிர் கிராம்னிக், ஹங்கேரியரான பீட்டர் லேகோவுடன் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக ஆடினார். எட்டாவது ஆட்டத்தில் லேகோ மார்ஷல் தாக்குதலைக் கையாண்டார். இம்முறை வீட்டிலிருந்து ஆயத்தம் செய்து வந்தவர் வெள்ளை ஆடிய கிராம்னிக். கணிப்பொறியின் துணைகொண்டு அவருடைய குழுவினர் ஆராய்ந்து வைத்திருந்தனர். அந்த ஆராய்ச்சியை நம்பி, அவர் தம் அரசியையே கொடுத்து ஒரு யானையைப் பெற்று, ஓரத்துக் காலாளை முன்னே ஓட்டினார். அது மறுகோடியை அடைந்தால் புதிய அரசி பிறப்பாள் என்பது திட்டம். ஆனால் லேகோ பலகையின் முன் அமர்ந்து தாமாகச் சிந்தித்தார். 25ஆவது நகர்த்தலில் அவருடைய அரசி வெள்ளைப் படையின் நடுவே சென்று அமர்ந்தாள். கணிப்பொறி போதிய ஆழம் பாராது விட்ட இடம் அதுவே. 32ஆவது நகர்த்தலில் கிராம்னிக் தோல்வியை ஒப்புக்கொண்டார். போட்டியின் கடைசி ஆட்டத்தை வென்று ஏழுக்கு ஏழு என்று சமன் செய்ததனால்தான் அவர் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

மாணவர்களே, இவ்விரு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையே 86 ஆண்டுகள். முதல் ஆட்டத்தில் கறுப்பு ஆயத்தத்தோடு வந்தது. அடுத்ததில் வெள்ளை வந்தது. இரண்டிலும் வென்றவர் பலகையின் முன் அமர்ந்து சிந்தித்தவரே. இதைக் கொண்டு ஆயத்தம் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காப்பாபிளாங்காவும் லேகோவும் கற்றறியாதவர்கள் அல்லர். ஒரு காய் ஏன் அங்கே நிற்கிறது, ஏன் நகர்கிறது என்பதை வாழ்நாளெல்லாம் பயின்றவர்கள். அதனால்தான் படித்திராத கேள்விக்கும் அவர்களால் விடை காண முடிந்தது. தேர்வு மண்டபத்தில் மனப்பாடம் செய்த விடையை எழுதத் தொடங்கி, வினா சற்றே திரும்பியிருப்பதைக் கண்டு எழுதுகோலை நிறுத்திவிட்ட பிள்ளைகளை ஆசிரியராயிருந்த எவரும் பார்த்திருப்பர். அப்பிள்ளைகள் உழைக்காதவர்கள் அல்லர். விடையைக் கற்றார்கள், விடைக்குக் காரணத்தைக் கற்கவில்லை.

மார்ஷலையும் மறவாதீர்கள். அன்று வென்றவர் காப்பாபிளாங்கா. எனினும் அந்த முறைக்குத் தோற்றவரின் பெயரே நிலைத்தது. ஒரு முறை தோற்ற எண்ணத்தை அவர் தூக்கி எறியவில்லை. குறை எங்கே என்று தேடி, ஒரு காலாளை ஒரு கட்டம் நகர்த்தித் திருத்தினார். 1944இல் அவர் மறைந்தார். அவர் திருத்திய வியூகத்தை உலகின் பெரு வீரர்கள் இன்றும் ஆடிக்கொண்டிருக்கின்றனர். பலகை கிடைக்கும்போது நீங்களும் அந்த 1918ஆம் ஆண்டு ஆட்டத்தை ஒவ்வொரு நகர்த்தலாக வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று, 'இங்கே நான் என்ன செய்வேன், ஏன் செய்வேன்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.