கவலையிலிருந்து காயில் வரை: வேளாண் எந்திரமும் பழுது பார்ப்பவரும்

வேளாண் எந்திரத் தொழிலுக்குப் படித்த இளைஞர்கள் வரத் தயங்குகிறார்கள் என்ற குறை இன்று பரவலாகக் கேட்கிறது. இக்குறையின் வேர் சம்பளத்தில் மட்டும் இல்லை. இத்துறையின் வரலாற்றை நாம் வாசித்த முறையிலும் இருக்கிறது. அந்த வாசிப்புக்கு அடித்தளம் இட்டவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். அவரோடுதான் இக்கட்டுரையின் வழக்கு.

இங்கிலாந்தின் ராயல் வேளாண் கழகத்துக்கு ஆலோசனை வேதியியலாளராக இருந்த வோல்க்கர், 1889 இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் சுற்றினார். அவருடைய அறிக்கை 1893இல் வெளியானது. இந்திய உழவன் அறியாமையில் உழல்பவன் அல்லன் என்று அவர் சொன்னதை நம்மவர்கள் இன்றும் மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுகிறார்கள். அதே அறிக்கையில் கருவிகள் பற்றிய அவரது தீர்ப்போ வேறு திசையில் போகிறது. அன்றைய நிலைமையில் மேம்பட்ட கருவிகளுக்கு இங்கே பெரிய இடமில்லை என்றார். மாடுகள் சிறியவை, நாட்டுக் கலப்பை விலை குறைந்தது, உள்ளூர்த் தச்சரே அதைச் செய்துகொடுக்கிறார் என்பன அவர் காட்டிய காரணங்கள். காரணங்களில் பிழையில்லை. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வோல்க்கருக்கு முன்பே சென்னை மாகாணத்தில் ஒரு சோதனை நடந்து முடிந்திருந்தது. ஆளுநர் வில்லியம் டெனிசன் 1860களில் நீராவிக் கலப்பை உள்ளிட்ட கருவிகளை இங்கிலாந்திலிருந்து தருவித்தார். 1865இல் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை தொடங்கியது. நீராவிக் கலப்பை ஊர்ப்புறத்துக்குப் போகவேயில்லை. வோல்க்கரின் கண்ணால் பார்த்தால் இது கருவியின் தோல்வி. ஆனால் கொதிகலன் கசிந்தால் அடைக்கவும், பல்சக்கரம் உடைந்தால் வார்த்துக் கொடுக்கவும் சைதாப்பேட்டைக்கு வெளியே எத்தனை கைகள் இருந்திருக்கும்? நிலத்துக்கு ஒவ்வாத கருவியும் ஊருக்கு எட்டாத கைவினையும் ஒன்றாகவே தோற்றன. இரண்டில் எது முந்தியது என்று பிரித்துச் சொல்ல இன்று வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வோல்க்கர் தாமே ஒரு விதிவிலக்கைக் காட்டுகிறார். அதுதான் பீகாரின் ஷாஹாபாத் மாவட்டத்தில், பிஹியாவில், தாம்சன் - மில்ன் என்ற கூட்டாளிகள் உருவாக்கிய இரும்பு உருளைக் கரும்பு ஆலை. அதற்கு முன் இருந்த கொல்ஹு உரல்போன்ற அமைப்பு. கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் போடவேண்டும். பிஹியா ஆலையில் கரும்பை முழுதாகச் செருகினால் போதும், மாடு சுற்றச் சுற்றச் சாறு வடியும். கூட்டாளிகள் ஆலையை விற்றதோடு பருவத்துக்கு வாடகைக்கும் விட்டார்கள். என் பார்வையில் வாடகைதான் இங்கே முதன்மையானது. வாடகைக்கு விட்டவனுக்கு ஆலை நின்றால் அன்றைய வரும்படியும் நிற்கும். ஆகவே பழுது பார்ப்பது அவன் தலையில் விழுகிறது. பின்னர் இமயமலை அடிவாரத்துச் சிர்மூர் அரசின் நாகன் வார்ப்பாலையும் இத்தகைய ஆலைகளை வார்த்தது. வோல்க்கர் விதிவிலக்கு என்று ஒதுக்கியதை நான் விதி என்கிறேன். பழுது பார்க்கும் ஆள் எட்டும் தூரத்தில் இருக்கும் எந்திரத்தையே உழவன் ஏற்கிறான். வோல்க்கர் கலப்பையை அளந்தார், கொல்லரை எண்ணவில்லை.

என் வாதத்துக்கு மொழியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைத்த அமைப்பைக் கொங்கு நாட்டார் 'கவலை' என்பார்கள். தெற்கே அது 'கமலை'. 'கபிலை' என்றும் ஒரு வடிவம் உண்டு, கன்னடத்தில் 'கபிலெ'. கபில நிறப் பசுவிலிருந்து சொல் பிறந்ததா, வேறு மூலம் உண்டா என்ற வழக்கு தீரவில்லை. எனக்கு அது முக்கியமும் இல்லை. முக்கியமானது வடிவங்களின் பன்மை. உருளை தச்சர் வேலை, நீர் மொள்ளும் சாலின் இரும்பு கொல்லர் வேலை, சாலோடு சேர்ந்த தோல் வால் தோல் தொழிலாளியின் வேலை. அந்தந்த வட்டாரம் தானே செய்து, தானே செப்பனிட்ட பொருளுக்கு அந்தந்த வட்டாரமே பெயரும் வைத்துக்கொண்டது.

அடுத்து வந்த எந்திரத்தின் பெயரைப் பாருங்கள். குமரி முதல் கிருஷ்ணகிரி வரை 'மோட்டார்', 'பம்ப்செட்' என்று ஒரே பெயர். ஆலையில் பிறந்த பொருள் என்பதற்கு இதுவே அடையாளம். ஆனால் மோட்டார் எரிந்துபோனால் உழவர் என்ன சொல்கிறார்? பட்டறைப் பெயர்ப்பலகையில் 'ரீவைண்டிங்' என்றிருக்கும். கிணற்றுமேட்டில் நிற்பவரோ 'காயில் கட்டக் குடுத்திருக்கு' என்பார். ஏர் கட்டுவது, வண்டி கட்டுவது, கவலை கட்டுவது என்ற வரிசையில் காயிலும் வந்து சேர்ந்துவிட்டது. பொருளின் பெயர் வெளியிலிருந்து வந்தது. அதைச் சரிசெய்யும் வினை இந்த மண்ணுடையது. ஒரே ஒரு வினைச்சொல்லின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பட்டறைகள் ஆவணம் எழுதி வைப்பதில்லை, அவை விட்டுச்சென்றது பேச்சைத்தான். இவ்வழக்கு எந்தப் பத்தாண்டில் பிறந்தது என்பதை மட்டும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அகராதிகளுக்குப் பட்டறைப் பேச்சு எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறது.

தொழில் வரலாறும் என் வாதத்துக்குப் பொருந்துகிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் இஞ்சினும் பம்பும் வைத்து இறவைப் பாசனத்தைச் சோதித்தார். அரசு நேரடியாகத் தொழில் முன்னோடியாக இருப்பதை பிரிட்டிஷ் அரசின் இந்தியச் செயலர் மார்லி 1910இல் ஏற்க மறுத்தார். 1912இல் சாட்டர்டன் மைசூர் போனார். கோவையின் கதை வேறு. அங்கே 1888 முதல் நூற்பாலைகள் இருந்தன. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் பழகிய கைகள் பெருகின. 1926இல் பூ.சா.கோ. தொழிற்கூடம் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இந்தக் கடைசி ஆண்டையே தொடக்கமாக வைத்துப் பேசுவது நம் வழக்கம். அதற்கு முந்திய ஐம்பது ஆண்டு ஆலைக் கைப்பழக்கம் இல்லாவிட்டால், அந்த மோட்டார் சைதாப்பேட்டை நீராவிக் கலப்பையின் வழியிலேயே போயிருக்கும் என்பது என் துணிபு.

பட்டப் படிப்பு இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. 1921இல் அலகாபாத் வந்த அமெரிக்கர் மேசன் வா, உழவர்க்கேற்ற இரும்புக் கலப்பைகளை வடிவமைத்தார். வேளாண் பொறியியல் பட்டப் படிப்பு அங்கே 1942இல் தொடங்கியது. கோவை வேளாண் பொறியியல் கல்லூரி 1972இலும், குமுளூர்க் கல்லூரி 1992இலும் வந்தன. பட்டறை முன்னே, கல்லூரி பின்னே என்பதே இத்துறையின் வரிசை. இன்றோ மாணவர் பலர் பட்டறையைப் பார்க்காமலேயே மென்பொருள் நிறுவனத்துக்கோ அரசுத் தேர்வுக்கோ போய்விடுகிறார்கள். டிராக்டர் எண்ணிக்கையில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டில், அறுவடை நாளில் வயல் நடுவே நின்றுபோன எந்திரத்தை ஓடவைப்பவர் பெரும்பாலும் பட்டம் இல்லாதவர். அவர் வேலையைப் பொறியியல் என்று நாம் மதிக்காதவரை, பொறியியல் படித்தவரும் அந்த வேலைக்கு வரமாட்டார்.

நாற்று நடும் எந்திரம், டிரோன், உணரி பொருத்திய சொட்டுநீர் என்று அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. அவற்றுக்கும் வோல்க்கர் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறோம்: கருவி நல்லதா, விலை கட்டுமா? எட்டும் தூரத்தில் யார் பழுது பார்ப்பார் என்ற கேள்வி இன்னும் பின்னாலேயே நிற்கிறது.

வேளாண் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவர்களை ஒரு பருவம் காயில் கட்டும் பட்டறைக்கு அனுப்புங்கள். வேலையைக் கற்றுக்கொள்வதோடு ஒரு கேள்வியையும் கேட்டு எழுதி வரட்டும்: இந்த ஊரில் முதல் மோட்டாரைப் பழுது பார்த்தவர் யார், எந்த ஆண்டு? அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.