மண்ணைக் கேட்காமல் தோண்டிய குழிகள்

பட்டினப்பாலையில் உறைக்கிணறு என்ற சொல் வருகிறது. கீழடி அகழாய்விலும் சுடுமண் உறைகளை அடுக்கிய கிணறுகள் வெளிப்பட்டன. நன்னீருக்காக ஏற்பட்ட அந்த உறை, இன்று கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் சிமெண்டு உறையாகிக் கழிவறைக்குப் பின்னால் இறங்கியிருக்கக் காண்கிறோம். மக்கள் அதைச் 'செப்டிக் டேங்க்' என்கிறார்கள். உண்மையில் பலவும் அடித்தளம் பூசாத வெறுங்குழிகளே.

பெயருக்குரிய தொட்டியின் கதை வேறு. பிரான்சின் வெசூல் நகரில் ழான் லூயி மூராஸ் என்பவர் 1860 வாக்கில் வீட்டுக் கழிவை மூடிய தொட்டியில் விட்டார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, கழிவு நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் நீரே இருந்தது. 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்சிட்டரில் டொனால்ட் கேமரன் அமைத்த தொட்டியோடுதான் 'செப்டிக்' என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் தொட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது. அதிலிருந்து வழியும் நீரில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும். மீதி வேலை மண்ணுடையது. எந்த மண் அதற்கு ஏற்றது என்பதை அளக்க 1920களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரையன் எளிய வழி கண்டார். குழி தோண்டி, நீரூற்றி ஊறவிட்டு, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கும் நேரத்தைக் குறித்தார். அதே சோதனை 1985இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470இலும் உண்டு. 25 மி.மீ. இறங்க 30 நிமிடத்துக்குள் ஆனால் உறிஞ்சுகுழி தகும். 60 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பாமல் வடிகட்டி அமைக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரும் ஒரு கடிகாரமும் போதும். நாம் கண்டவரையில் எந்தக் கொத்தனாரும் இதைச் செய்ததில்லை. லாரி வந்து திரும்ப இடமிருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள்.

மண்ணைத் தரம் பிரிக்க நமக்குத் தெரியாதா என்ன? வரி விதிக்க வந்த வெள்ளையர் ஆட்சி நஞ்சை, புஞ்சை, கரிசல், செம்மண் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் 'தரம்' எழுதிவைத்தது. கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. அங்கே பாறையின்மேல் பல இடங்களில் மெல்லிய மண்தான். நீர் பாறை வெடிப்புகளில் இறங்கினால் வடிகட்டப்படாமலே ஓடி, கீழே மலையாளி மக்கள் குடிக்கும் ஊற்றில் கலக்கக்கூடும். கீழ்நாட்டுக் கரிசல் நிலத்திலோ களி நீரை இறங்கவே விடாது. மழைக்காலத்தில் குழி பொங்கும்.

பொங்கினால் யார் இறங்குவது? இந்தக் கேள்விக்கு நம் சமூகம் சாதியைக்கொண்டே விடை சொல்லி வந்திருக்கிறது. 1993இலும் 2013இலும் தடைச் சட்டங்கள் வந்தன. சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் சாக்கடை மரணங்களுக்கு அதை 30 லட்சமாக்கியது. வண்டல் இறுகுமுன் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை எந்திரத்தால் உறிஞ்சி எடுத்தால் ஆள் இறங்க வேண்டிய நிலையே வராது.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அதே விதி. சதுரமான மூன்று சென்ட் மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தாலும் 16 மீட்டர் தேறாது.