கோடும் சொல்லும் – 14: இல்லாத கவிஞனுக்கு ஓர் அட்டைப்படம்

ஆஸ்திரேலியக் கொள்ளையன் நெட் கெல்லியின் இரும்பு முகக்கவசம் மெல்பர்னின் ஹைடி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை இந்த வாரம் பார்ப்பதாக இருந்தோம். கெல்லியிடம் போகும் வழியில் ஒரு பெண்ணின் கடிதம் குறுக்கே கிடக்கிறது. அதைப் படிக்காமல் தாண்டிப் போனால் கெல்லியை வரைந்த ஓவியர் சிட்னி நோலன் பாதிதான் புரிவார்.

1943 அக்டோபர் கடைசி. அடிலெய்டில் 'ஆங்ரி பெங்குயின்ஸ்' இதழின் ஆசிரியர் மாக்ஸ் ஹாரிஸுக்குச் சிட்னி நகரத்தின் க்ராய்டன் பகுதி, டால்மர் தெருவிலிருந்து ஒரு தபால் வந்தது. எழுதியவர் பெயர் எதெல் மாலி. உடன்பிறந்தவன் எர்ன் ஜூலையில் இறந்துவிட்டான், அவன் சாமான்களை எடுத்து வைக்கும்போது சில கவிதைகள் கிடைத்தன, தனக்கு இலக்கியமெல்லாம் தெரியாது, இவற்றில் ஏதாவது தேறுமா என்று பார்த்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். எர்ன் யாரோடும் ஒட்டாதவன், கவிதை எழுதுவதாக ஒருநாளும் சொன்னதில்லை, கடைசி மாதங்களில் உடம்பு மிகவும் முடியாமல் இருந்தான், அது அவன் மனப்போக்கையும் பாதித்திருக்கலாம் என்றும் இருந்தது. பதில் எழுத இரண்டரைப் பென்னி தபால்தலை ஒன்றையும் உள்ளே வைத்திருந்தார்.

ஹாரிஸை வீழ்த்தியது அந்தத் தபால்தலைதான் என்று நான் நம்புகிறேன். தன் வீட்டில் ஒரு கவிஞன் இருந்ததே தெரியாமல், அடுத்தவருக்குத் தபால் செலவு வைக்கக்கூடாது என்று மட்டும் தெரிந்திருந்த ஒரு பெண். எந்த ஆசிரியர் மனம் இளகாது? ஹாரிஸுக்கு அப்போது வயது 22.

அவர் ஆவலாகப் பதில் போட்டதும், எர்னின் வாழ்க்கையைச் சொல்லி எதெலிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. 1918இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவன். அப்பா போனபின் அம்மா பிள்ளைகளோடு சிட்னி வந்தாள். அம்மாவும் 1933இல் போய்ச் சேர்ந்தாள். படிப்பை விட்டுவிட்டு ஒரு கராஜில் மெக்கானிக் வேலை. பிறகு மெல்பர்ன் போய் இன்ஷூரன்ஸ் விற்றான், கைக்கடிகாரம் பழுது பார்த்தான். கிரேவ்ஸ் நோய், தைராய்டுக் கோளாறு. 25 வயதில் முடிந்துவிட்டது. ரூக்வுட்டில் தகனம். கவிஞர் கீட்ஸும் 25இல் போனவர்தான்.

எதெல் என்று ஒருவர் கிடையாது. எர்னும் கிடையாது.

மெல்பர்னின் செயின்ட் கில்டா சாலையில் விக்டோரியா பாரக்ஸ் என்ற ராணுவக் கட்டடம் இருக்கிறது. போர்க்காலத்தில் அங்கே கர்னல் ஆல்ஃப் கான்லனின் ஆய்வுப் பிரிவு இயங்கியது. அதில் வேலை பார்த்த ஜேம்ஸ் மக்காலி லெப்டினன்ட், ஹரால்ட் ஸ்டூவர்ட் கார்ப்பரல். இருவரும் சிட்னிக்காரர்கள், ஃபோர்ட் ஸ்ட்ரீட் பள்ளி மாணவர்கள், யாப்பில் கை தேர்ந்த கவிஞர்கள். புதுக்கவிதையின் பொருளற்ற ஆரவாரம் என்று தாங்கள் கருதியதை அம்பலப்படுத்த ஒரு பொறி வைத்தார்கள். ஒரு பிற்பகலும் மாலையுமாக எழுதி முடித்ததாக அவர்களே பின்னால் அறிக்கை விட்டார்கள். 16 கவிதைகள். தொகுப்பின் பெயர் 'த டார்க்கனிங் எக்லிப்டிக்'.

எப்படி எழுதினார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மேசைமேல் கான்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்பு, ஒரு மேற்கோள் அகராதி. கண்ணை ஓட்டி, கைக்கு அகப்பட்ட சொல்லையும் தொடரையும் எடுத்துக் கோத்தார்கள். கொசு உற்பத்தியாகும் சதுப்புகளை வடிப்பது பற்றிய அமெரிக்க அறிக்கை ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதன் வாசகத்தை அப்படியே தூக்கி ஒரு கவிதையின் தலையில் வைத்தார்கள். கோர்வையான பொருள் இருக்கக்கூடாது, யாப்பில் அக்கறை கூடாது என்பவை தங்களுக்கே விதித்துக்கொண்ட சட்டங்கள். தட்டச்சு செய்த தாள்களுக்கு வெயிலும் தேநீர்க் கறையும் சேர்ந்து வயதேற்றின.

அந்த மேசையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு மேசை ஞாபகம் வருகிறது. ஹானோவரில் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் கிழிந்த விளம்பரத்தையும் ஒட்டிப் படம் செய்த மேசை. பத்திரிகையைக் கத்தரித்துச் சொற்களைப் பையில் போட்டுக் குலுக்கி எடு, அதுவே கவிதை என்று டாடாயிஸ்ட் கவிஞர் த்ரிஸ்தான் த்ஸாரா 1920இல் வழி சொன்னார். மக்காலியும் ஸ்டூவர்ட்டும் ஏளனம் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்த காரியம், ஓவியர்கள் கால் நூற்றாண்டாகக் கத்தரிக்கோலும் பசையும் வைத்து மனதாரச் செய்துவந்த ஒட்டுப்படம்தான். ஒட்டுப்படத்தில் துண்டு எங்கிருந்து வந்தது என்பது பெரிதல்ல, பக்கத்துத் துண்டோடு உரசும்போது என்ன தீப்பொறி பறக்கிறது என்பதே பெரிது. கவிதையில் நல்ல காது உள்ள இரண்டு பேர் குப்பையைப் பொறுக்கினாலும் காது சும்மா இருக்குமா? தங்கள் காதை அணைத்து வைக்க அவர்களால் முடியவில்லை.

இன்னொரு தடயமும் இருக்கிறது. எர்ன் மாலி தொகுப்பின் முதல் கவிதை ஓர் ஓவியத்தைப் பற்றியது. ஜெர்மன் ஓவியர் ஆல்ப்ரெக்ட் ட்யூரர் 1495 வாக்கில் தீட்டிய இன்ஸ்ப்ரூக் நகரம், ஆற்று நீரில் கோபுரங்களின் நிழல் அசையாமல் விழுந்திருக்கும் அந்தச் சின்ன நீர்வண்ணப் படம், இன்று வியன்னாவின் ஆல்பர்டினாவில் இருக்கிறது. கண்ணை மூடிக் கற்பனையில் கண்ட நகரத்தை முன்பே ஒருவன் வரைந்துவிட்டான் என்று அறிந்தவனின் தவிப்பு அந்தக் கவிதை. அது மக்காலி முன்னரே உண்மையான ஈடுபாட்டோடு எழுதி வைத்திருந்தது. தூண்டிலில் இரையாக மாட்டியது தன் சொந்தச் சதையை. வஞ்சகமாக எழுதப்பட்ட ஒரு தொகுப்பின் வாசலில், வஞ்சகம் இல்லாத ஒரு கவிதை, அதுவும் ஒரு படத்தைப் பார்த்து நிற்பது. இதற்காக மக்காலியை என்னால் முழுக்க வெறுக்க முடியவில்லை. ஆனால் 22 வயதுப் பையன் ஒருவனை ஊர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தத் துணிந்த நெஞ்சின் கடினத்தை மன்னிக்கவும் முடியவில்லை.

கவிதைகள் அடிலெய்டிலிருந்து மெல்பர்னுக்கு, இதழின் புரவலர்களான ஜான் ரீட், சண்டே ரீட் தம்பதியின் ஹைடி வீட்டுக்குப் போயின. நோலன் (ஊர்ப் பெயரைத் தாங்கியவர் என்றாலும் பிறந்து வளர்ந்தது மெல்பர்ன்) அப்போது கட்டாய ராணுவ சேவையில், விம்மெரா கோதுமைச் சமவெளியில், டிம்பூலா பக்கம் கிடந்தார். 16 வயதிலிருந்து தொப்பிக் கம்பெனிக்கு விளம்பரப் பலகை தீட்டியவர். ஓவியனாவதா கவிஞனாவதா என்று பல வருடம் ஊசலாடியவர். பிரெஞ்சுக் கவிஞன் ரம்போ மேல் பித்து. ரம்போவின் தலையைக் கிவி பூட்ஸ் பாலிஷ் கலந்து வரைந்து 1939 கண்காட்சியில் வைத்தவர். வீட்டுச் சுவருக்கும் படகுக்கும் பூசுகிற ரிப்போலின் எனாமலைப் பலகையில் பூசி, அது இறுகும் முன்னே கோதுமை வயலையும் வானத்தையும் பிடித்துவிடுகிற கை.

அந்தக் கையில் எர்ன் மாலி வந்து விழுந்தான். நோலன் அவனுக்கு ஒரு படம் வரைந்தார். அரேபிய மரம். பரந்த வெளியில் ஒரு மரம், கிளைகளுக்கிடையே காதலர் இருவர். அந்தத் தனி மரம் எர்னுடைய கடைசிக் கவிதையில் வருவது. அங்கே அதைக் கொண்டு வைத்தது ஷேக்ஸ்பியர் தொகுப்பைப் புரட்டிய விரல். ஷேக்ஸ்பியரிடமிருந்து பாரக்ஸ் மேசைக்கும், அங்கிருந்து கோதுமை நிலத்துக்கும் அந்த மரம் நடந்து வந்திருக்கிறது. இதழின் 1944 இலையுதிர் கால எண், எர்ன் மாலி நினைவு மலர், அந்த மரத்தை அட்டையில் தாங்கி ஜூனில் வெளிவந்தது.

அதிக நாள் தாங்கவில்லை. ஹாரிஸே எழுதிய மோசடி என்று அடிலெய்டுப் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை கிசுகிசுத்தது. ஹாரிஸ் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தி டால்மர் தெருவுக்கு ஆள் அனுப்பினார். அது ஸ்டூவர்ட்டின் வீடு. ஜூன் 25 அன்று சிட்னியின் 'சண்டே சன்' இணைப்பிதழில் இருவரின் அறிக்கையும் முழுதாக வந்தது. நாடே சிரித்தது. லண்டனிலிருந்து விமர்சகர் ஹெர்பர்ட் ரீட் ஹாரிஸுக்கு ஆதரவாகத் தந்தி அடித்தார், கவிதைகளில் சத்து இருக்கிறது என்று. சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

சிரித்தது போதாதென்று வழக்கும் வந்தது. கவிதைகள் ஆபாசம் என்று தென் ஆஸ்திரேலியக் காவல்துறை ஹாரிஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. செப்டம்பரில் அடிலெய்டில் விசாரணை. சாட்சி சொன்ன துப்பறியும் அதிகாரி வோகல்சாங், ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாது, ஆனால் அதில் அசிங்கம் தொனிக்கிறது என்றார். இரவில் பூங்கா வருகிற கவிதையைப் பற்றிக் கேட்டதற்கு, இரவில் பூங்காவுக்குப் போகிறவர்கள் எதற்குப் போவார்கள் என்று தன் உத்தியோக அனுபவத்திலிருந்து விளக்கினார். இல்லாத கவிஞன் எழுதிய, பொருளே இல்லை என்று எழுதியவர்களே சத்தியம் செய்த வரிகளுக்கு நீதிமன்றம் பொருள் கண்டுபிடித்தது. ஹாரிஸுக்கு 5 பவுண்டு அபராதம், அதன் நாலு மடங்குக்கும் மேலே செலவுத்தொகை. அவர் வளைந்து கொடுக்கவில்லை. கவிதைகள் நல்ல கவிதைகள் என்றே கடைசிவரை சொன்னார். இந்தத் தொடரில் வந்துபோன எத்தனையோ ஆசிரியர்களில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் சிட்னி உச்ச நீதிமன்றத்தில் ஓவியர் வில்லியம் டோபெல் நின்றார். அவர் வரைந்து ஆர்ச்சிபால்ட் பரிசு வாங்கிய ஜோஷ்வா ஸ்மித்தின் முகம் உருவப்படமா, கேலிச்சித்திரமா என்று வழக்கு. அவர் ஜெயித்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு நகர நீதிமன்றங்கள் ஒரு கவிதைக்கும் ஒரு படத்துக்கும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தன.

கவிதையைக் கொண்டே கேலி செய்வது சிட்னியில் இது முதல் தடவையும் அல்ல. 1897 மே மாதம் பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே தன் 'பகடை வீச்சு' கவிதையைப் பக்கமெங்கும் சிதறிய பெரிதும் சிறிதுமான எழுத்துகளில் அச்சிட்டார். அதே வருடம் சிட்னியில் கிறிஸ்டோபர் பிரென்னன், தன் கவிதை புரியவில்லை என்றவர்களைக் கிண்டல் செய்ய, மல்லார்மே பாணியில் சுவரொட்டி போன்ற எழுத்துகளில் தன் கைப்பட ஒரு நையாண்டி வரைந்தார். வரைந்தார் என்றே சொல்ல வேண்டும். அது புத்தகமாக வந்தது 1981இல்தான். ஆஸ்திரேலியாவில் கண்ணுக்காக எழுதப்பட்ட கவிதையின் மூதாதை அது. அதுவும் கேலியாகப் பிறந்தது, எர்ன் மாலியும் கேலியாகப் பிறந்தான். சிட்னி கேலி செய்த ஒன்றை மெல்பர்ன் மனதார வாங்கி வரைந்தது.

ரதபந்தமும் நாகபந்தமும் கண்ட நமக்கு இதில் அந்நியம் எதுவுமில்லை. தேருக்குள் எழுத்தை அடுக்கிய புலவர்களை வெறும் சொல் விளையாட்டுக்காரர்கள் என்று பின்னால் வந்த விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். அந்தக் கட்டங்களுக்குப் பக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை வைத்துப் பாருங்கள். அதன்பின் அப்படி ஒதுக்க மனம் வராது. ஆதிமூலத்தின் கோடுகளும் நம் சிறுபத்திரிகைகளும் நெருங்கிய கதை ஐந்தாம் அத்தியாயத்தில் வந்ததால் இங்கே விடுகிறேன்.

நோலன் ஏமாந்தாரா? இல்லை என்பதே என் கட்சி. ஹாரிஸ் ஒரு கவிஞனின் வாழ்க்கையை நம்பினார், அந்த வாழ்க்கை பொய். நோலன் நம்பியது மரத்தை. அந்த மரம் அறிக்கை வந்த மறுநாளும் அதே இடத்தில் நின்றது. ஆஸ்திரேலியப் புதர்க்காட்டில் அதற்குச் சம்பந்தமே இல்லாத விசித்திரமான பொருள் ஒன்றைத் தூக்கி நிறுத்தும் துணிச்சலை எர்ன் மாலி கொடுத்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். அகராதிச் சொல்லையும் கொசு அறிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்தால் பொறி பறக்கும் என்றால், மஞ்சள் புல்வெளிக்கு நடுவே கெல்லியின் முகக்கவசமாக ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்தால்? 1970களில் கூட எர்னின் முகத்தை அவர் வரைந்துகொண்டிருந்தார், இருந்தே இராத ஒருவனின் முகத்தை. அமெரிக்காவில் கவிஞர்கள் ஜான் ஆஷ்பெரியும் கென்னத் கோக்கும் 1961இல் தங்கள் 'லோகஸ் சோலஸ்' இதழில் எர்னை மறுபடி அச்சேற்றினார்கள். 1991இல் பெங்குயின் வெளியிட்ட நவீன ஆஸ்திரேலியக் கவிதைத் தொகுப்பில் அவன் கவிதைகள் முழுதாக இடம்பெற்றன. மக்காலியும் ஸ்டூவர்ட்டும் சொந்தப் பெயரில் எழுதிய எதுவும் எர்ன் அளவுக்குப் பேசப்படவில்லை.

1944 ஜூலை. எர்ன் அம்பலமான அடுத்த மாதமே நோலன் ராணுவத்திலிருந்து ஓடிப்போனார். நியூ கினியாவுக்கு அனுப்பப்படலாம் என்ற பயம். தேடப்படும் ஆள் ஆனதால் ராபின் மரே என்று பெயரை மாற்றிக்கொண்டு மெல்பர்னின் பார்க்வில் பகுதியில் ஒரு மாடியறையில் ஒளிந்து வரைந்தார். சட்டத்துக்குத் தப்பி ஓடியவனின் கதை அவரை இழுத்தது அந்த நாட்களில்தான். பிறகு கெல்லி வாழ்ந்த மண்ணையே பார்த்துவிடுவது என்று வடகிழக்கு விக்டோரியாவுக்குக் கிளம்பியபோது, கூடப் போனவர் மாக்ஸ் ஹாரிஸ். அந்தப் பயணம் அடுத்த இதழில்.